உணவும் வீடும் எட்டும் விலையில் உள்ளனவா?

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நம் வழக்கம். ஆயின் இம்மூன்றும் ஒரே விலைப்பட்டியலில் அடங்குவன அல்ல. உடையை நெய்கிறவரும் உணவை விளைவிக்கிறவருமே இவ்விதழின் வாசகர்கள். அவர்களது இல்லத்தில் மூன்றாவதன் நிலை யாது, அதற்காக முதலாவது எவ்வளவு விட்டுக்கொடுக்க நேருகிறது என்று கணக்குப் பார்ப்பது பொருத்தமேயாகும். பொதுவாகப் பேசிச் செல்வதினும், ஒரு குடும்பத்தின் வரவு செலவை எடுத்துக்கொள்வது நலம். சங்கத்தின் ஐந்தொகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குடும்பத்தின் ஐந்தொகை அவ்வளவு அந்நியமன்று.

நாம் ஆய்வுக்குச் செல்லும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுள் ஒன்றில் அங்கத்தினராக உள்ள ஒருவரின் கணக்கு இது. பெயரும் ஊரும் வேண்டா. கணவன் தறியில் அமர்கிறார். மனைவி தார் சுற்றுவதும் பாவு வேலையும் பார்க்கிறார். இரு பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கின்றனர். கணவனின் தாயார் உடன் இருக்கிறார். தறி தடையின்றி ஓடும் மாதத்தில், சேமிப்புத் திட்டப் பிடித்தம் போகக் கைக்கு வரும் கூலி 11,000 ரூபாய். 2023 செப்டம்பர் முதல் வழங்கப்பட்டுவரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயையும் சேர்த்து வரவு 12,000 எனக் கொள்ளலாம். 2019-20-இல் நடந்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்போது, நாட்டின் நெசவாளர் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவாக இருந்தது. அதனோடு ஒப்பிட, இவர் ஓரளவு வாய்ப்புப் பெற்றவர் என்றே சொல்ல வேண்டும்.

இனிச் செலவு. நியாய விலைக் கடையில் 20 கிலோ அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை இரண்டு கிலோ 50 ரூபாய். ஆக 105 ரூபாய். ஐவருக்கு இந்த அரிசி போதாது. அதனை இட்லி மாவுக்கும் இரவு உணவுக்கும் வைத்துக்கொண்டு, பகல் சோற்றுக்கு வெளிக்கடையில் 15 கிலோ வாங்குகின்றனர். கிலோ 55 வீதம் 825 ரூபாய். பால் நாளொன்றுக்கு அரை லிட்டர் வீதம் 600. காய்கறிக்கு நாளொன்றுக்கு 60 வீதம் 1,800. மேற்கொண்டு பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் முதலிய மளிகைக்கு 2,000. முட்டை, மீன், எப்போதாவது கறி ஆகியவற்றுக்கு 800. உணவுக்கு மட்டும் 6,130 ரூபாய் ஆகிறது. எரிவாயு உருளை நாற்பது நாள் வருகிறது. அதற்கு மாதம் 650 என ஒதுக்கலாம். மின்சாரத்துக்குச் செலவில்லை. கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 200 அலகாக இருந்த விலையில்லா மின்சாரம் 2023 மார்ச்சு முதல் 300 அலகாயிற்று. தறி போடத்தக்க கூடத்துடன் கூடிய வீட்டுக்கு வாடகை 3,500. எல்லாம் சேர்த்து 10,280.

மிஞ்சுவது 1,720 ரூபாய். மருந்து, பள்ளிச் செலவு, உடை, கைப்பேசி, திருமணம், திருவிழா, சாவு ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். அடங்கிவிடும் என்று வாதிடுவோரும் உளர். மழை மாதங்களைக் கணக்கில் சேர்க்கும்வரை நாமும் அந்த வாதத்தை முற்றிலும் மறுப்பதற்கில்லை.

ஐப்பசியும் கார்த்திகையும் நெசவாளருக்கு எவ்வாறு கழிகின்றன என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்க வெயில் வேண்டும். குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஊறும். சில வீடுகளில் தண்ணீரே நிற்கும். நூல் நமுத்துப் போனால் இழை அறும். அம்மாதங்களில் இக்குடும்பத்தின் கூலி 6,000 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. உரிமைத் தொகையுடன் 7,000. அதில் சரிபாதி வாடகைக்கே போய்விடும். மாதந்தோறும் 3,280 துண்டு விழுகிறது. பத்து மாத மிச்சத்திலிருந்து இரு மாதத் துண்டைக் கழித்தால் ஆண்டுக்கு 10,640 ரூபாய் நிற்கிறது. ஐவருக்குப் பங்கிட்டால் தலைக்கு நாளொன்றுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. உணவும் வாடகையும் எரிபொருளும் தவிர்த்த வாழ்க்கை முழுவதும் இந்த ஆறு ரூபாய்க்குள் நடந்தாக வேண்டும்.

நடப்பது என்னவென்றால், அது நடப்பதில்லை. ஏதேனும் ஒன்று குறைக்கப்படுகிறது. எது என்று அந்த அம்மையாரிடம் வினவினோம். “வீட்டுச் சொந்தக்காரர் மாசம் அஞ்சாந்தேதி வாசல்ல வந்து நின்னுடுவாருங்க ஐயா. பருப்பு வந்து நிக்குதுங்களா?” என்றார். பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். வாடகையைக் குறைக்க இயலாது. சாம்பாரை நீர்க்கச் செய்ய இயலும். பாலை அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராக்கலாம். முட்டையை நிறுத்தலாம். குடும்பச் செலவில் வளைந்துகொடுக்கும் ஒரே உருப்படி உணவுதான். வீட்டு விலை ஏறினால் அது முதலில் தெரிவது அடுப்பில்.

நிற்க. அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது என்பதையும் நோக்குவோம். 1999-2000-இல் நாட்டின் ஊரகக் குடும்பம் நூறு ரூபாய் செலவிட்டால் அதில் 59 ரூபாய் உணவுக்குப் போயிற்று. 2022-23-இல் அது 46 ரூபாயாகக் குறைந்தது. அரிசி, கோதுமை முதலிய தானியத்தின் பங்கு மட்டும் 22 ரூபாயிலிருந்து 5 ரூபாய்க்கு இறங்கிற்று. இம்மாறுதல் சிறியதன்று. தமிழ்நாட்டில் நியாய விலைக் கடை அரிசி 2006-இல் கிலோ இரண்டு ரூபாயாகவும், 2008-இல் ஒரு ரூபாயாகவும், 2011 ஜூன் முதல் விலையில்லாததாகவும் ஆனதை நாம் அறிவோம். அக்கடைகளுள் மிகப் பெரும்பான்மையானவற்றை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்களே என்பதைப் பெருமையுடன் குறிப்பிடலாம். பள்ளியில் பகலுணவும், 2022-இல் தொடங்கி 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவும் பிள்ளைகளின் வயிற்றைக் காக்கின்றன. 1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் குடும்பங்களுக்குக் கஞ்சித் தொட்டி திறக்க நேர்ந்த கதையைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள், சோறு என்ற அளவில் இன்று அந்நிலை இல்லை என்பதை ஒப்புவர்.

எனவே கேள்வி சோறு பற்றியதன்று. சோற்றுடன் உண்பது பற்றியது. பருப்பு, பால், காய், முட்டை ஆகியவற்றுக்குத்தான் வாடகையுடன் போட்டி. இதே கணக்கெடுப்பில் நகர்ப்புறக் குடும்பச் செலவில் வாடகைக்குப் போவது நூற்றுக்கு ஆறரை ரூபாய் அளவே என்று காண்கிறோம். இதைப் பார்த்து, வாடகை ஒரு பெருஞ்சுமையன்று எனக் கருதிவிடலாகாது. சொந்த வீட்டில் இருப்போர் வாடகையே கொடுப்பதில்லை. அவர்களையும் சேர்த்து எடுத்த சராசரி அது. நாம் மேலே கண்ட குடும்பம் தன் வரவில் நூற்றுக்கு 29 ரூபாயை வாடகைக்குத் தருகிறது. சராசரி நிழலில் நிற்பவருக்கு வெயில் தெரியாது.

நெசவாளருக்கு வீட்டின் கஷ்டம் பிறரினும் ஒரு படி கூடுதல். அவருக்கு வீடே தொழிற்கூடம். தறி ஒன்றுக்கு ஓர் அறை முழுதும் வேண்டும். குழித்தறியாயின் தரையைத் தோண்ட வேண்டும். புதிதாகச் சலவைக்கல் பதித்த வீட்டில் தரையைத் தோண்ட எந்தச் சொந்தக்காரர் ஒப்புவார்? தறிச் சத்தத்துக்காகவே வீடு மறுக்கப்பட்டோரை நாம் அறிவோம். வீடு மாறினால் தறியை அவிழ்த்துப் பூட்ட வேண்டும். பாதி நெய்த பாவு கெடும். ஒரு வாரக் கூலி போகும். வாடகை உயர்த்தப்படும்போது நெசவாளர் எதிர்த்துப் பேசாதிருப்பதன் காரணம் இதுதான்.

ஆனால் சொந்த வீடு கட்டிக்கொள்ளலாகாதோ? வீட்டைக் கட்டிப்பார் என்று முன்னோர் சொல்லிவைத்தது இக்காலத்துக்கும் பொருந்துகிறது. கணக்கைப் பாருங்கள். குடிசைகளில் வாழும் ஊரக மக்களுக்காக 2024-இல் தொடங்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டம், 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் தருகிறது. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் 75,000 ரூபாயே தரப்பட்டதை நோக்க இது பெருந்தொகை. எனினும் நாம் விசாரித்த ஊர்களில் மேஸ்திரிகள் சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் குறைத்துப் பேசுவதில்லை. 360 சதுர அடிக்கு 7,20,000 ஆகிறது. சிமெண்டின் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தமை சிறிது உதவலாம். ஆனால் மணலும் கம்பியும் செங்கல்லும் ஆள்கூலியும் இருக்கின்றன. குறைவது 3,70,000 ரூபாய். அந்த 360 சதுர அடியில் தறிக்கு இடம் எங்கே என்ற கேள்வி வேறு இருக்கிறது. தறிக்கூடத்துக்குத் தனி உதவித் திட்டம் உண்டு. ஆனால் வீட்டு உதவி ஓர் அலுவலகத்திலும் தறிக்கூட உதவி மற்றோர் அலுவலகத்திலும் இருக்கும்போது, இரண்டும் ஒரே மனையில் ஒரே ஆண்டில் சந்திப்பது அரிதாகிறது.

இந்த 3,70,000 ரூபாயை வெளியாரிடம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால், மாத வட்டி மட்டும் 11,100 ரூபாய். தறி தடையின்றி ஓடும் மாதத்தின் கூலி 11,000 ரூபாய் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. முதலை விடுங்கள், வட்டிக்கே கூலி போதாது. கட்டத் தொடங்கித் தளம் போடாமல் நிற்கும் சுவர்களை ஊர்தோறும் காண்பதன் காரணம் சோம்பலன்று.

அதே தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது வட்டியில், பதினைந்து ஆண்டுத் தவணையில் கிடைக்குமாயின், மாதத் தவணை ஏறத்தாழ 3,750 ரூபாய். இன்று கொடுக்கும் வாடகையினும் 250 ரூபாய்தான் கூடுதல். இங்கேதான் நம் அக்கறை முழுவதும் இருக்கிறது. அக்குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் சக்தி இல்லை என்பது பொய். வாடகையாக அத்தொகையை மாதந்தோறும் அது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இல்லாதது மனையும், தக்க கடனுமே.

மனை இல்லாதவருக்கு மேற்சொன்ன திட்டம் எட்டுவதில்லை, பட்டா வேண்டும். வாடகை வீட்டில் இரண்டு தலைமுறை இருந்தவரிடம் பட்டா ஏது? ஒரு காலத்தில் இதற்குக் கூட்டுறவுத் துறை விடை கண்டிருந்தது. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலைத் துணிமீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து கைத்தறிக்கு நிதி ஒதுக்கப்பட்டது. அந்நிதியின் துணையுடன் சங்கங்கள் மொத்தமாக நிலம் வாங்கி, மனை பிரித்து, தறி போடத்தக்க கூடத்துடன் வரிசை வீடுகள் கட்டின. நெசவாளர் காலனி என்ற பெயர் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் நிலைத்திருப்பது இக்காரணம் பற்றியே. அவ்வீடுகளை இன்று சென்று காண்பவர், கட்டியோரின் நடைமுறை அறிவை வியக்கவே செய்வர்: தெரு அகலம் பாவு நீட்டுவதற்குப் போதுமானதாக இருக்கும். அங்கு நல்லன அல்லாதனவும் உண்டு. ஒரு வீடு மூன்று மகன்களுக்குப் பிரிந்து, தறிக்கூடத்தை மறித்துச் சுவர் எழும்பி, மூவருள் ஒருவர் மீண்டும் வாடகைக்குப் போயிருப்பார். கிரயப் பத்திரம் இன்னும் தாத்தாவின் பெயரிலேயே கிடக்கும். வீட்டுவசதிச் சங்கங்களுள் சில, பழைய பாக்கிகளின் சுமையால் புதுக் கடன் கொடுக்க இயலாதவாறு நிற்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இனி விளைவிப்போர் பக்கம் திரும்புவோம். சிறு விவசாயிக்கு வாடகைத் தொல்லை பெரும்பாலும் இல்லை. சொந்தக் கூரை இருக்கும். அந்தக் கூரை எத்தகையது என்பதை 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஓர் இரவில் காட்டிவிட்டது. அவருக்கு வேறொரு விந்தை உண்டு. நெல்லை விற்றுவிட்டு அரிசியை விலைக்கு வாங்குகிறார். 2025-26 பருவத்துக்குச் சன்னரக நெல் குவிண்டாலுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். நூறு கிலோ புழுங்கல் நெல் அரைத்தால் 68 கிலோ அரிசி என்பது அரசு கொள்முதலில் வைத்துள்ள அளவு. ஆக, கிலோ அரிசிக்கு விவசாயிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 37 ரூபாய். நம் நெசவாளர் வீட்டில் வாங்கிய அரிசி 55 ரூபாய். இடையிலுள்ள 18 ரூபாயில் அவியல், அரைவை, சாக்கு, வண்டிச் சத்தம், வட்டி, கழிவு, இலாபம் யாவும் அடக்கம். அனைத்தும் அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. அரைப்பவரும் சுமப்பவரும் உண்ண வேண்டாவா? ஆயினும், ஒரே வட்டத்தில் வேளாண்மைக் கடன் சங்கமும் நெசவாளர் சங்கமும் இரண்டு மைல் தொலைவில் இருக்கின்றன. ஒன்றின் அங்கத்தினர் 37-க்கு விற்க, மற்றதன் அங்கத்தினர் 55-க்கு வாங்குகிறார். இரு சங்கங்களின் செயலாளர்களும் ஒருவரையொருவர் அறிவர். ஒரே வங்கியில் கணக்கு வைத்திருக்கின்றனர்.

இது இயலாத காரியம் என்பார்க்கு 2023 ஜூலை மாதத்தை நினைவூட்டலாம். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறியபோது, கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையின் நியாய விலைக் கடைகள் பலவற்றிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றனர். வரிசை நின்றது, வாங்கியவர் வாழ்த்தினர். அதே ஆண்டு செப்டம்பரில் தக்காளி விலை தரையில் விழுந்து, பறிகூலிக்கும் கட்டாது எனச் செடியிலேயே விட்டோரும் உண்டு. அப்போது அவர்களிடம் வாங்க ஜூலையின் உற்சாகம் எங்கும் காணப்படவில்லை. விலை ஏறும்போது நுகர்வோரைக் காக்கும் சங்கம், இறங்கும்போது விளைவித்தோரைக் காக்காமற்போனால், அடுத்த ஆண்டு அவர் தக்காளி நடமாட்டார். மீண்டும் விலை ஏறும். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இவ்விரு திறத்தாரையும் நேரே சந்திக்க வைத்தன. அவை நன்கு நடக்கும் ஊர்களில் காய்கறிச் செலவு நாளொன்றுக்குப் பத்து ரூபாயேனும் குறைகிறது என்று இல்லத்தரசிகள் சொல்லக் கேட்கிறோம்.

இங்கிலாந்தின் இராச்டேல் நகரில் 1844 டிசம்பரில் கடை திறந்த இருபத்தெட்டுப் பேரின் வரலாற்றைக் கூட்டுறவுப் பயிற்சி பெற்றோர் யாவரும் படித்திருப்பர். அவர்களுள் நெசவாளர் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு ஆகியவற்றை நேர்மையான எடையில் விற்றதை அனைவரும் நினைவு வைத்திருக்கின்றனர். தங்கள் நோக்கங்களின் பட்டியலில் கடைக்கு அடுத்தபடியாக அங்கத்தினருக்கு வீடு கட்டுவதை அவர்கள் எழுதி வைத்திருந்ததைப் பலர் மறந்துவிட்டனர். உணவும் வீடும் அவர்களுக்கு ஒரே சங்கத்தின் வேலையாகத் தோன்றின. நம் சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணிப் பண்டகசாலையின் வழிவந்த நாம், உணவை ஒரு பதிவாளர் பிரிவுக்கும், வீட்டை மற்றொன்றுக்கும், தறியை வேறொரு துறைக்குமாகப் பங்கிட்டு வைத்திருக்கிறோம்.

நெசவாளர் சங்க நிர்வாகிகளுக்கு நாம் சொல்ல விரும்புவன பெருந்திட்டங்கள் அல்ல. முதலாவது, அங்கத்தினருள் வாடகை வீட்டில் இருப்போர் யார், மனை இருந்தும் பட்டா இல்லாதோர் யார், பட்டா இருந்தும் பணம் இல்லாதோர் யார் என மூன்று பட்டியல்களைச் சங்கமே எடுக்கலாம். தனித்தனி மனுக்கள் பல மேசைகளில் அலைவதினும், முப்பது பெயர் கொண்ட ஒரு சங்கத் தீர்மானம் வட்டாட்சியர் அலுவலகத்தில் விரைவாக நகரும் என்பது நம் அனுபவம். பத்திரம் தாத்தா பெயரில் இருப்போருக்கு வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் பெற்றுத்தருவதற்கு எழுத்தர் ஒருவரை மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கினாலும் போதும்.

மற்றொன்று, கடன் தவணை பற்றியது. வங்கிகள் பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை கேட்கின்றன. தறி பன்னிரண்டு மாதமும் ஒரே கூலி தருவதில்லை. மழை மாதம் இரண்டில் தவணை தவறியதும் அபராத வட்டி ஏறுகிறது. அதை அடைக்க நகை அடகுக்குப் போகிறது. ஐப்பசியில் எந்தக் கடன் சங்கத்தின் நகைக்கடன் பதிவேட்டைப் பிரித்தாலும் நெசவாளர் பெயர்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். 3,750 ரூபாய்த் தவணையைப் பத்து மாதத்தில் 4,500 ரூபாயாக வாங்கினால் ஆண்டுத் தொகை சரியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒன்றும் வாங்க வேண்டுவதில்லை. கூலியிலிருந்து சங்கமே பிடித்து வங்கிக்குச் செலுத்தினால் வங்கிக்கும் அச்சமில்லை. இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படாது. சங்கத்துக்கும் மத்திய கூட்டுறவு வங்கிக்கும் இடையே ஓர் உடன்பாடும், பேரவையில் ஒரு தீர்மானமும் வேண்டும். பேரவைக் கூட்ட அறிவிப்பில் இப்பொருளைத் தனி உருப்படியாகக் குறிக்க வேண்டும். இதர விஷயங்கள் என்பதன் கீழ்ச் சேர்த்தால் தேநீர் வரும் நேரத்தில் படித்து முடித்துவிடுவர்.